தமிழ் ஃபாண்ட் எதைப் போடுவது: இருப்பதா, யூனிகோடா, பாமினியா, பென்டிரைவ் மூட்டையா?

கம்ப்யூட்டரில் புதிதாகத் தமிழ் ஃபாண்ட் போடணும், எதைப் போடலாம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. மாம்பலத்தில் குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கை அடிக்கும் செயலாளருக்கு, புது லேப்டாப்பில் லதா ஃபாண்டைக் காணவில்லை. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு வந்தவரிடம், ‘மேட்டரை பாமினியில அடிச்சுக் கொண்டாங்க’ என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் நண்பர் கொடுத்த பென்டிரைவில் இருந்த அத்தனை ஃபாண்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, வேர்டு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று தலையைச் சொறிகிறார். நான்கு வழிகள் இருக்கின்றன. யாருக்கு எது என்று பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

அழகிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஃபாண்டின் அழகு கடைசியாகப் பார்க்க வேண்டியது.

முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு அப்புறம் அந்தக் கோப்பை யார் திறக்கப் போகிறார் என்பதை. நீங்களே அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப் போகிறீர்களா, வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறீர்களா, அரசு அலுவலகத்துக்குப் போகிறதா, ராயப்பேட்டையில் ஒரு பிரஸ்ஸுக்குப் போகிறதா? இது தெளிவானால் பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்தது, எந்த மென்பொருளில் வேலை. வேர்டா, லிபர்ஆஃபீஸா, அச்சுக்குப் பக்கம் அமைக்கும் இன்டிசைனா, அல்லது இன்னும் அந்த வகையில் பழைய பேஜ்மேக்கரா. அப்புறம், சில வருஷம் கழித்து அதே கோப்பில் ஒரு பெயரையோ முகவரியையோ தேட வேண்டி வருமா என்பது. உரிமத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டு உபயோகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அதே ஃபாண்டில் வியாபாரத்துக்கு லோகோ செய்தால் கேட்பார்கள்.

## வழி 1: இருப்பதோடு இருப்பது

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், தமிழ் எம்என் இரண்டும் உண்டு. அந்த எம்என், மலேசியாவின் முத்து நெடுமாறனின் பெயர் முதலெழுத்துகள். லினக்ஸ் வகைகள் பலவற்றில் லோஹித் அல்லது நோட்டோ இருக்கும். இவை எல்லாமே யூனிகோட், அதாவது உலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் கைபேசியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டில் அமைந்தவை. சுற்றறிக்கை, விண்ணப்பம், பள்ளிக்கு லீவு லெட்டர், அலுவலகக் கடிதம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். பலரும் ஃபாண்ட் தேடி அலைவது தேவையில்லாத வேலை என்பது என் அபிப்பிராயம்.

லதா காணாமல் போன கதைக்கு வருவோம். லதா விண்டோஸ் 2000 காலத்திலேயே வந்தது, விஜயா விண்டோஸ் 7-இல் சேர்ந்தது. விண்டோஸ் 10 வந்தபோது இரண்டையும் கூடுதல் வசதிப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் புது மெஷினில் பழைய கடிதத்தைத் திறந்தால் வேறு ஃபாண்டில் தெரியும், பக்கம் நகரும், கையெழுத்துக்கு விட்ட இடம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். இதற்காக ஏதோ ஒரு தளத்திலிருந்து லதாவை இறக்க வேண்டாம். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, அங்கே ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும்.

குறை என்று சொன்னால், நிர்மலா திரைக்காகச் செய்தது. சின்னத் திரையில் தெளிவாக இருக்கும். அதையே சிறுகதைத் தொகுப்புக்கு வைத்தால் ஆபீஸ் மெமோவைப் படிக்கிற மாதிரி இருக்கும்.

## வழி 2: யூனிகோட் ஃபாண்டுகளைச் சேர்ப்பது

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். கூகுள் ஃபாண்ட்ஸில் தமிழுக்கு இலவசமாகக் கிடைப்பவை ஏராளம்: நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கவிவாணர், பவனம், பலூ தம்பி, அனேக் தமிழ், திரோ தமிழ். பெரும்பாலும் ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் வருபவை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், பிடிஎஃப்பில் பதிக்கலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

நோட்டீஸுக்கு எனக்குப் பிடித்தது முக்தா மலர். மெல்லியதிலிருந்து தடிமன்வரை ஏழு கனங்கள் உண்டு, ஆங்கில எழுத்தும் அதிலேயே இருக்கிறது. சென்னை முகவரி எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் ஒரே வரியில் வந்தாலும் ஒட்டாமல் நிற்காது. புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் அல்லது திரோ. குழந்தைகள் பிறந்தநாள் அழைப்புக்கு பலூ தம்பி. கோட்டூர்புரத்தில் இருக்கிற தமிழ் இணையக் கல்விக்கழகமும் தன் தளத்தில் யூனிகோட் ஃபாண்டுகளை இலவசமாகத் தருகிறது. அரசு சம்பந்தமான வேலை என்றால் அங்கிருந்து மருதம் என்ற ஃபாண்டை எடுத்துக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவு மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று, பழைய மென்பொருள். யூனிகோடில் ‘கெ’ என்பது உள்ளே முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகிறது. கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு வலப்பக்கமே நின்றுவிடும், கூடவே புள்ளி வட்டம் வேறு. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு யூனிகோடே தெரியாது. இன்டிசைனில் சிஎஸ்6 முதல் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். போட்டோஷாப்பிலும் டைப் விருப்பங்களுக்குள் இதற்கென ஒரு தேர்வு உண்டு. அதை மாற்றாமல், ஃபாண்ட் சரியில்லை என்று ஃபாண்டைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு, ‘வேரியபிள்’ என்கிற மாறும் ஃபாண்டுகள். அனேக், நோட்டோ, பலூ தம்பி போன்றவற்றை இறக்கினால் ஜிப்புக்குள் எல்லாக் கனங்களையும் அடக்கிய ஒரே கோப்பு ஒன்றும், ‘ஸ்டாடிக்’ என்ற ஃபோல்டரில் தனித்தனிக் கோப்புகளும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே பெயர் இரண்டு முறை வந்து, போல்டு அழுத்தினால் எது வரும் என்று சொல்ல முடியாது. வேர்டில் வேலை செய்பவர்கள் ஸ்டாடிக் ஃபோல்டரில் உள்ளதை மட்டும் போடுங்கள். அதிலும் ரெகுலர், போல்டு இரண்டே போதும்.

மூன்று, உங்களிடம் இருக்கும் ஃபாண்ட் அடுத்தவரிடம் இருக்காது. ஆனால் இதில் நஷ்டம் குறைவு. கவிவாணரில் அடித்த கடிதத்தை அது இல்லாதவர் திறந்தாலும் நிர்மலாவில் தெரியும். வடிவம் போகுமே தவிர, எழுத்து போகாது.

## வழி 3: பாமினி, வானவில் வகையறா

இவை யூனிகோடுக்கு முந்தைய காலத்து ஏற்பாடு. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். அந்தக் கோப்பை பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் அந்த நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் கண்ணில் படும். கைபேசியில் திறந்தாலும் அதே கதி. பார்க்கிறவர் கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். அது கெடவில்லை, ஃபாண்ட்தான் இல்லை.

ஒவ்வொரு கம்பெனியும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கியதால், ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாமல் போனது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைப் பொதுவாக்கப் பார்த்தார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. டேஸ்16-இல் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் என்பதால் கொம்பைத் தூக்கி வைக்கும் வேலையே இல்லை, அச்சு மென்பொருளுக்குச் சுலபம். வெளியே எங்கும் அதற்குப் புழக்கம் இல்லாததால் வீட்டில் வைத்திருக்க அவசியம் இல்லை.

அப்படியானால் பாமினி ஏன் இன்னும் சாகவில்லை? நியாயமான காரணம் ஒன்று உண்டு. சில பிரஸ்களில் பேஜ்மேக்கரும் பழைய கோரல்டிராவும் நன்றாகவே ஓடுகின்றன. அவர்களுடைய பழைய டிசைன்கள், ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பிக்கும் பத்திரிகை வாசகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த மெஷினுக்கு நேரே போகிற மேட்டர் என்றால் பாமினியில் கொடுப்பதே புத்திசாலித்தனம். கடைக்காரரிடம் யூனிகோடின் மகிமையைச் சொல்லி வாதாட வேண்டாம். முகூர்த்தத்துக்கு முன்னால் பத்திரிகை கைக்கு வர வேண்டும்.

‘எனக்கு விரல் பாமினியில பழகிடுச்சு’ என்பது மட்டும் காரணம் ஆகாது. விசைப்பலகை வேறு, ஃபாண்ட் வேறு. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி முறை, பழைய டைப்ரைட்டர் முறை, தமிழ்99 எல்லாம் இருக்கின்றன. விரல் பழகிய இடத்திலேயே தட்டலாம், வெளியே வருவது யூனிகோடாக இருக்கும். இதைக் காட்டியதும் அன்றைக்கே மாறிய டைப்பிஸ்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதன் மறைமுகச் செலவு பின்னால்தான் தெரியும். பாமினிக் கோப்புகள் நிறைந்த ஃபோல்டரில் ‘முருகேசன்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உண்டு, நன்றாகவே மாற்றும். இடையிடையே ஆங்கிலம் கலந்திருந்தால்தான் வம்பு. மாற்றிக்கு அது ஆங்கிலமா பாமினியா என்று தெரியாது. ஈமெயில் முகவரியையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். ஆங்கிலப் பகுதிகளை முதலிலேயே வெட்டித் தனியே வைத்துவிட்டு மாற்றுவது நல்லது.

## வழி 4: பென்டிரைவ் மூட்டை

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு காலத்தில் சிடியில் வந்தது, இப்போது பென்டிரைவிலும் டெலிகிராமிலும் வருகிறது. ஒரே ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான ஃபாண்ட். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: வேண்டாம். எது எந்தக் குறியீடு என்று தெரியாது, ஒரே பெயரில் வேறு வேறு பதிப்புகள் இருக்கும், விலைக்கு விற்பவையும் திருட்டுத்தனமாகக் கலந்திருக்கும். ஃபாண்ட் கோப்பு வழியாகவே கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியும் என்பதை 2011-இல் டூக்கூ என்ற தீநிரல் காட்டியது, அது வந்தது வேர்டு கோப்புக்குள் வைத்த ஒரு ட்ரூடைப் ஃபாண்டில்.

டிசைனருக்கு நிஜமாகவே நிறைய ஃபாண்ட் வேண்டும் என்றால் ஃபாண்ட்பேஸ் மாதிரி ஒரு மேலாளர் மென்பொருள் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விண்டோஸில் ஏற்றாமல், வேண்டியதை வேண்டும்போது மட்டும் இயக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | இருப்பது | யூனிகோட் சேர்ப்பது | பாமினி வகை | மூட்டை |
|---|---|---|---|---|
| அடுத்தவர் கணினியில் | தெரியும் | தெரியும், வடிவம் மாறலாம் | ஃபாண்ட் இருந்தால்தான் | சொல்ல முடியாது |
| கைபேசி, வாட்ஸ்அப் | சரி | சரி | ஆங்கிலக் குப்பை | பெரும்பாலும் குப்பை |
| பேஜ்மேக்கர் | வராது | வராது | நன்றாக வரும் | சில வரும் |
| தேடல் | முடியும் | முடியும் | முடியாது | ஃபாண்டைப் பொறுத்தது |
| உரிமம் | கோப்பில் பயன்படுத்தலாம், ஃபாண்டை நகலெடுக்கக் கூடாது | பெரும்பாலும் திறந்தது | ஃபாண்டுக்கு ஃபாண்ட் மாறும் | தலைவலி |
| யாருக்கு | வீடு, சங்கம், அலுவலகம் | புத்தகம், போஸ்டர், புதிதாகத் தொடங்குபவர் | பழைய பிரஸ்ஸோடு வேலை உள்ளவர் | யாருக்கும் இல்லை |

## போடும்போது: எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்கு அப்புறம் ஃபாண்ட் கோப்பில் ரைட் கிளிக் செய்தால் இரண்டு தேர்வு வரும். வெறும் ‘இன்ஸ்டால்’ என்பது உங்கள் கணக்குக்கு மட்டும் போடும், அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் சில பழைய மென்பொருள்கள் விண்டோஸின் பொது ஃபாண்ட் ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும். வேர்டில் தெரிகிற ஃபாண்ட் அவற்றில் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ தேவை, அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். சொந்தக் கம்ப்யூட்டர், டிடிபி வேலை என்றால் யோசிக்காமல் இரண்டாவது. மேக்கில் ஃபாண்ட் புக் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், ஒரே ஃபாண்ட் இரண்டு முறை இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளிருந்தபடியே இன்ஸ்டால் செய்யப் பார்க்காதீர்கள். ‘இது சரியான ஃபாண்ட் அல்ல’ என்று விண்டோஸ் சொன்னால் கோப்பு கெட்டது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் சேவையை யாராவது நிறுத்தி வைத்திருந்தாலும் இதே செய்தி வரும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு மாதிரி இருக்கும், ஆனால் சேவையை ஓட விட்டதும் ஃபாண்ட் ஏறிவிடும்.

## போட்ட பிறகு வரும் தொல்லைகள்

கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அந்த ஃபாண்டில் தமிழ் எழுத்தே இல்லை, அல்லது கோப்பு டேஸ்16-இல் இருக்கிறது. நோட்டோ போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டம் என்றால் இரண்டாவதுதான்.

ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. பழைய குறியீடு. வேர்டில் ஃபாண்ட் பெயர் எழுதியிருக்கும் பெட்டியைப் பாருங்கள், எந்த ஃபாண்ட் வேண்டும் என்று அங்கேயே இருக்கும். அதைப் போடுங்கள், அல்லது மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

ஃபாண்டை மாற்றினாலும் தமிழ் மாறவில்லை. வேர்டு தமிழை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற கணக்கில் வைத்திருக்கிறது. ஃபாண்ட் பெட்டியை முழுதாகத் திறந்தால் அதற்குத் தனி இடம் இருக்கும், அளவும் போல்டும் அங்கே தனி. மேலே மாற்றியது ஆங்கிலத்துக்கு மட்டும் போயிருக்கும். இந்த ஒன்றில் மாட்டாதவர்கள் குறைவு.

எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது. ‘கி’, ‘ழீ’ இவற்றின் மேல் சுழி பாதி காணவில்லை என்றால், வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று பூட்டியிருக்கிறது. ‘மல்டிபிள்’ என்று மாற்றி 1.15 அல்லது 1.2 வையுங்கள். ஆங்கிலத்துக்காகச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழ் அடிக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

பட்டியலிலேயே வரவில்லை. மென்பொருளை மூடித் திறங்கள். கோப்பின் பெயரும் உள்ளே பதிந்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கோப்பை இருமுறை சொடுக்கினால் மேலே வருவதே நிஜப் பெயர், அதைத் தேடுங்கள். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 ஃபாண்ட் என்றால் தேடவே வேண்டாம், அடோபி 2023 ஜனவரியோடு அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

அழிக்க முடியவில்லை, அல்லது அழித்தும் வருகிறது. ஏதோ ஒரு மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் அழியுங்கள். அப்போதும் எழுத்து குழம்பித் தெரிந்தால் ஃபாண்ட் கேஷ், அதாவது ஃபாண்டுகளைச் சீக்கிரம் காட்ட விண்டோஸ் சேமித்து வைக்கும் தகவல், கெட்டிருக்கும். சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் ஃபாண்ட் கேஷ் சர்வீஸ்’ என்பதை நிறுத்தி, அதன் கேஷ் கோப்புகளை அழித்து, மறுபடி ஓட விட வேண்டும். சர்வீசஸ் பக்கம் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

## பிரஸ்ஸுக்குக் கொடுக்கும்போது

எந்த ஃபாண்டைப் போட்டிருந்தாலும் வெளியே போகும்போது மூன்று விதமாகக் கொடுக்கலாம். பிடிஎஃப் என்றால் ஃபாண்ட் உள்ளேயே பதிந்து போகும், பெரும்பாலான வேலைக்கு இதுவே. அனுப்பும் முன் பிடிஎஃப்பின் ப்ராபர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோரல்டிராவில் செய்த பத்திரிகை, ஃபிளெக்ஸ் என்றால் கடைக்காரரே ‘கர்வ்ஸ் பண்ணிக் கொடுங்க’ என்பார். எழுத்தெல்லாம் வெறும் கோடாகிவிடும், எந்த மெஷினிலும் அப்படியே வரும். அப்புறம் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் திருத்த முடியாது, அதனால் கர்வ் ஆக்கும் முன் ஒரு பிரதியைத் தனியே சேமித்துவிடுங்கள். வேர்டு கோப்பாகவே கொடுத்தாக வேண்டும் என்றால் ஆப்ஷன்ஸில் சேவ் பக்கத்தில் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பதிக்க அனுமதி இல்லாத ஃபாண்டுகள் அப்போதும் கூடப் போகாது. பாமினிக் கோப்பு என்றால் ஃபாண்டையும் அதே பென்டிரைவில் போட்டு, உங்களிடம் இருக்கும் அதே பதிப்பாக, கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.